கதை நல்லா இருக்கு, வாதம் எங்கே?

செப்டம்பர் கடைசியில் ஒரு ஞாயிறு இரவு. பையனைத் தூங்க வைத்துவிட்டு டிஷ்வாஷரில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து வீடியோ கால். அக்கா டெக்சாஸில், ஃப்ரிஸ்கோவில் இருக்கிறாள். நான் நியூ ஜெர்சி, எடிசன். எனக்குப் பத்தரை என்றால் அவளுக்கு ஒன்பதரை. அந்த நேரத்தில் அக்கா கூப்பிட்டால், ஒன்று ஊரில் யாருக்கோ உடம்பு சரியில்லை, இல்லையென்றால் பிள்ளை விஷயம்.

"டேய், உன் மருமக சோஷியாலஜியில என்ன வாங்கிட்டு வந்திருக்கான்னு நீயே கேளு."

போன் கை மாறியது. அக்கா பொண்ணு பன்னிரண்டாவது படிக்கிறாள். முகத்தைக் காட்டாமல் சீலிங் ஃபேனைக் காட்டிக்கொண்டே சொன்னாள்: "சிக்ஸ்டி எய்ட், மாமா."

டெக்சாஸ்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே டூயல் கிரெடிட் என்று ஒன்று உண்டு. ஹைஸ்கூலில் இருக்கும்போதே கம்யூனிட்டி காலேஜ் பாடம் எடுக்கலாம். இவள் எடுத்தது சோஷியாலஜி 1301. டெக்சாஸ் முழுக்க அறிமுகச் சமூகவியலுக்கு அதே பாட எண்தான். நல்லா பண்ணினால் காலேஜில் ஒரு கோர்ஸ் மிச்சம். சொதப்பினால் அந்த கிரேடு காலேஜ் டிரான்ஸ்கிரிப்ட்டில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். மொத்தம் மூன்று கட்டுரைத் தேர்வுகள். முதலாவதில் 68. இரண்டாவது நான்கு வாரத்தில். கோர்ஸை டிராப் பண்ண கடைசி நாள், இரண்டாவது தேர்வு முடிந்து ஒரு வாரத்தில்.

அக்காவின் தீர்ப்பு தயாராக இருந்தது. "கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அப்ளை பண்ற பொண்ணு. இது எதுக்கு? டிராப் பண்ணச் சொல்லு."

இவள் டிராப் பண்ண மாட்டேன் என்கிறாள். பிடித்திருக்கிறதாம். தாய்மாமன் என்கிற பதவிக்கு சீர் செய்வதைத் தவிர வேறு வேலையும் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "ரெண்டாவது எக்ஸாம் வரைக்கும் டைம் குடுக்கா. நான் பாத்துக்கறேன்" என்று வாயை விட்டுவிட்டேன். நான் படித்தது பி.இ., எம்.எஸ்., இரண்டும் கம்ப்யூட்டர். வாழ்க்கையில் நான் கடைசியாக எழுதிய கட்டுரை பிளஸ் டூ தமிழ் இரண்டாம் தாள்.

கட்டுரையை ஸ்கேன் பண்ணி அனுப்பினாள். கையெழுத்து. சாட்ஜிபிடி வந்த பிறகு நிறைய இடங்களில் புளூ புக் திரும்பி வந்துவிட்டது தெரியுமா? ஐம்பது நிமிடம், பேனா, கோடு போட்ட நீல அட்டை நோட்டு. கேள்வி இதுதான்: அமெரிக்காவில் ஏதாவது ஒரு குழுவின் கல்வி வெற்றியை அல்லது பின்னடைவை இரண்டு சமூகவியல் கருத்தாக்கங்களைக் கொண்டு விளக்கு, தனிமனித உழைப்பு அதை எந்த அளவுக்கு விளக்குகிறது?

இவள் நம்மைப் பற்றித்தான் எழுதியிருந்தாள். அப்பா அம்மா ரெண்டு சூட்கேஸோடு வந்தது, அத்தான் ராத்திரி பகலாக வேலை பார்த்தது, வீட்டில் படிப்புக்குக் கொடுக்கும் மதிப்பு, ஸ்பெல்லிங் பீ, குமான், சனிக்கிழமை தமிழ்ப்பள்ளி. படித்தபோது எனக்குக் கண் கலங்கியது, உண்மையாகவே. இதுக்கு எப்படி 68 போட மனசு வந்தது?

ஓரத்தில் பேராசிரியர் சிவப்பு மையில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால்: கதை நல்லா இருக்கு, வாதம் எங்கே?

கோபம் வந்தது. சரி, நானே எழுதிப் பார்க்கிறேன் என்று மறுநாள் ரயிலில் உட்கார்ந்தேன். மெட்ரோபார்க்கில் ஏறினால் பென் ஸ்டேஷன் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் நான் எழுதியது ஐந்து புல்லட் பாயிண்ட். அதில் மூன்று, "கடின உழைப்பு" என்பதையே வேறு வேறு வார்த்தையில் சொன்னது. அனுப்பினேன். "மாமா, இது டிசைன் டாக்குமென்ட் மாதிரி இருக்கு" என்று பதில் வந்தது, சிரிக்கும் மூஞ்சி மூன்றோடு.

அதற்குப் பிறகுதான் பாடப் புத்தகத்தையே திறந்தேன். ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட அறிமுகச் சமூகவியல் புத்தகம், இணையத்தில் இலவசம். ஹூஸ்டனில் ரைஸ் பல்கலைக்கழகம் நடத்தும் திட்டம் அது. ரெண்டு வாரம் ரயிலில் அதைத்தான் படித்தேன். பக்கத்து சீட்டுக்காரர், நான் வேலை மாறப் போகிறேன் என்று நினைத்திருக்கலாம்.

முதல் அத்தியாயத்திலேயே மாட்டிக்கொண்டேன். சி. ரைட் மில்ஸ் என்று ஒருவர், இவரும் டெக்சாஸில் பிறந்தவர்தான். 1959-ல் சமூகவியல் கற்பனை என்கிற கருத்தை முன்வைத்தார். ஒரு ஊரில் ஒருத்தனுக்கு மட்டும் வேலை இல்லை என்றால் அது அவனுடைய பிரச்சினை. அவனுடைய திறமை, அவனுடைய குணம் என்று விசாரிக்கலாம். நாட்டில் கோடிக்கணக்கான பேருக்கு வேலை இல்லை என்றால் அவனவன் குணத்தை ஆராய்ந்து பிரயோஜனமில்லை, ஏற்பாட்டிலேயே எங்கேயோ கோளாறு. சொந்தக் கதைக்கும் ஊர்க் கதைக்கும் நடுவில் உள்ள கயிற்றைப் பார்க்கத் தெரிவதுதான் இந்தப் படிப்பு. அந்தக் கயிறு இவள் கட்டுரையில் இல்லை. என் புல்லட் பாயிண்டிலும் இல்லை.

இப்போது ரிவிஷன் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டிலும் இதே கூத்து நடக்கும் என்று நினைக்கிறேன்.

இவள் படிப்பது எப்படி என்று கேட்டேன். ஐபேடைக் காட்டினாள். பக்கம் முழுக்க மஞ்சள். எது மஞ்சள் இல்லையோ அது முக்கியமில்லை என்று அர்த்தம்; அப்படி ஒரு வரி கூட இல்லை. "மூணு தடவை படிச்சேன் மாமா, எல்லாம் தெரியும்." சரி, மூடு. மெர்ட்டன் என்ன சொன்னார்? "அது... ஸ்ட்ரெய்ன்... லைக்... பீப்பிள்..." அவ்வளவுதான்.

திரும்பத் திரும்பப் படிக்கும்போது தெரிந்த மாதிரி இருப்பது கண்ணுக்குப் பழகிய உணர்வு மட்டும்தான். தெருவில் தினமும் பார்க்கிற ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாமல் நிற்கிறோமே, அது மாதிரி. 2013-ல் ஜான் டன்லோஸ்கியும் சக உளவியலாளர்களும் மாணவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் பத்துப் படிப்பு முறைகளை எடுத்துக்கொண்டு, அதுவரை வந்த ஆய்வுகளை அலசினார்கள். ஹைலைட் பண்ணுவது, திரும்பப் படிப்பது இரண்டும் குறைந்த பயன் பட்டியலில் போயின. தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, நாள் இடைவெளி விட்டுப் படிப்பது, இந்த இரண்டுக்குத்தான் அதிகப் பயன் என்ற மதிப்பு கிடைத்தது.

இதை லெக்சரா சொன்னால் கேட்பாளா? அதனால் ஒரு கதை சொன்னேன். எம்.என். சீனிவாஸ், இந்தியச் சமூகவியலில் பெரிய பேர். 1948-ல் மைசூர் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கி ஆராய்ச்சி செய்தார். புத்தகத்தில் அந்த ஊருக்கு ராம்புரா என்று பெயர் கொடுத்திருக்கிறார். வருஷக்கணக்கில் குறிப்புகளை ஒழுங்குபடுத்தி, எழுதுவதற்காக நம்ம பே ஏரியாவுக்கு, ஸ்டான்ஃபோர்டில் இருந்த ஆய்வு மையத்துக்கு வந்தார். 1970 ஏப்ரலில் அந்த மையத்துக்கு யாரோ தீ வைத்தார்கள். ஒழுங்குபடுத்திய குறிப்புகளின் மூன்று பிரதிகளும் அங்கேயே இருந்தன, போய்விட்டன. சக ஆய்வாளர் ஒருவர் சொன்னாராம், ஞாபகத்திலிருந்து எழுதேன் என்று. எழுதினார். 1976-ல் வந்த அந்தப் புத்தகத்துக்கு "நினைவில் நிற்கும் கிராமம்" என்கிற அர்த்தத்தில்தான் பெயர்.

"நைட் எட்டரைக்கு உன் புக்குக்கு நான் தீ வெச்சுட்டேன்னு நெனச்சுக்கோ. வெள்ளைப் பேப்பர் எடு. ஞாபகம் இருக்கறதை எழுது."

அந்த விளையாட்டு பிடித்துப்போனது. பத்து நிமிடம் வெள்ளைத்தாள். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதைச் சிவப்பில் எழுது. அந்தச் சிவப்பு மட்டும்தான் நாளைக்குப் படிக்க வேண்டியது. மூன்று நாள் கழித்து அதே தலைப்பு, வேறு வெள்ளைத்தாள். முதல் வாரம் தாள் முழுக்கச் சிவப்பு. அழுகை வரப் பார்த்தது. மூன்றாவது வாரம் சிவப்பைத் தேட வேண்டியிருந்தது.

கூடவே ஒரு அட்டவணை போட்டாள். அது என் யோசனை இல்லை, அவளுடையதுதான். மேலே மூன்று பார்வைகள்: சமூகம் ஒரு உடம்பு மாதிரி, ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வேலை என்கிற செயற்பாட்டியம், யாருக்கு லாபம், யார் கையில் அதிகாரம் என்று கேட்கும் முரண்பாட்டுக் கோட்பாடு, ஆட்கள் நேருக்கு நேர் பழகும்போது அர்த்தம் எப்படி உருவாகிறது என்று பார்க்கும் குறியீட்டு ஊடாட்டம். இடது பக்கம் தலைப்புகள்: கல்வி, குடும்பம், குற்றம், மதம், வேலை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வரி, ஒரு பெயர், ஒரு உதாரணம். உதாரணம் புத்தகத்தில் இருப்பதாக இருக்கக் கூடாது, அவள் கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும். ஆனெட் லாரோ 2003-ல் எழுதினாரே, நடுத்தர வர்க்கப் பெற்றோர் பிள்ளைகளைப் பயிர் மாதிரி திட்டம் போட்டு வளர்க்கிறார்கள் என்று, அந்தக் கட்டத்தில் இவள் எழுதியிருந்த உதாரணம்: "ஸாட்டர்டே இன் அவர் மினிவேன்." தமிழ்ப்பள்ளி, பரதம், ராபாடிக்ஸ், நடுவில் காரிலேயே தயிர் சாதம். அக்காவிடம் நான் இதைச் சொல்லவில்லை.

கட்டுரைக்கு வருவோம். அவளுடைய பழைய பத்தி ஒன்றைத் தமிழில் தருகிறேன். "இந்தியப் பெற்றோர் கல்விக்கு மிகவும் மதிப்பு கொடுக்கிறார்கள். அதனால் அவர்களுடைய பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள்." தப்பு ஒன்றும் இல்லையே என்றுதான் தோன்றும். நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. கல்வியை மதிக்கிற பெற்றோர் இந்தியாவில் இல்லையா? அருப்புக்கோட்டையில், எங்கள் தெருவில் பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த அம்மாக்கள் இருந்தார்களே, அவர்கள் பிள்ளைகள் ஏன் ஃப்ரிஸ்கோவில் இல்லை?

ரொம்ப நேரம் யோசித்தாள். "ஏன்னா... இங்க வந்தவங்க எல்லாருமே ஏற்கெனவே படிச்சவங்க."

அதேதான். 1965 குடியேற்றச் சட்டம் கதவைத் திறந்தபோது யாரைத் தேர்ந்தெடுத்துத் திறந்தது, 1990 சட்டத்தில் வந்த ஹெச்-1பி யாருக்குக் கிடைக்கும் என்று பார்த்தால் புரியும். பட்டம் இல்லாதவனுக்கு அது கிட்டத்தட்ட எட்டாத கனி. இங்குள்ள இந்திய வம்சாவளிப் பெரியவர்களில் சுமார் நான்கில் மூன்று பேர் பட்டதாரிகள்; இந்தியாவில் அந்த விகிதம் பக்கத்தில்கூட வராது. ஜெனிஃபர் லீ, மின் ஜோ இருவரும் 2015-ல் லாஸ் ஏஞ்சலஸ் சீன, வியட்நாமியக் குடும்பங்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இந்த வடிகட்டலுக்கு ஒரு பெயரே இருக்கிறது. அதிமிகைத் தேர்வு என்று சொல்லலாம். நம்ம ஆட்களைப் பற்றி சஞ்சய் சக்ரவர்த்தி, தேவேஷ் கபூர், நிர்விகார் சிங் மூவரும் எழுதிய புத்தகம் மூன்று சல்லடைகளைச் சொல்கிறது: ஊரில் யாருக்குக் கல்லூரி கிடைத்தது, அதில் யார் தொழில்படிப்பு முடித்தார்கள், அதில் யாரை விசா உள்ளே விட்டது.

"அப்போ பேரண்ட்ஸ் ஹார்ட் ஒர்க் எல்லாம் பொய்யா மாமா?"

பொய் இல்லை. "எந்த அளவுக்கு" என்று கேள்வியில் இருக்கிறதே, அதற்குப் பதில் அங்கேதான். முதல் தேர்வில் அந்த வார்த்தையை அவள் கவனிக்கவே இல்லை. விவரி என்றால் வேறு, விளக்கு என்றால் வேறு, ஒப்பிடு என்றால் வேறு. "எந்த அளவுக்கு" என்றால் இரண்டு பக்கமும் நின்று பார்த்துவிட்டு ஒரு பக்கம் உட்கார வேண்டும். நாங்கள் கோடு எழுதும் முன் ரெக்வயர்மென்ட்டைப் படிக்காமல் போனால் என்ன ஆகுமோ அதே கதிதான்.

பத்திக்கு ஒரு எளிய சோதனை வைத்துக்கொண்டோம். ஒரு கூற்று, அந்தக் கருத்தாக்கத்துக்கு ஒரு வரி விளக்கம், யார் சொன்னது, ஒரு சான்று, அப்புறம் "ஏன்னா" என்று ஆரம்பிக்கும் ரெண்டு வாக்கியம். அந்த "ஏன்னா" இல்லாத பத்தியைக் கிழி. பேரை மட்டும் தூவிவிட்டுப் போவது, அதாவது போர்தியூ, வெபர், டர்க்கைம் என்று கொத்துமல்லி மாதிரி மேலே போடுவது, மார்க் தராது. ஐம்பது நிமிடத்தில் முதல் எட்டு நிமிடம் பேனா புளூ புக்கைத் தொடக் கூடாது, ஓரத்தில் திட்டம் மட்டும். கடைசி ஐந்து நிமிடம் படித்துப் பார்க்க. வாரத்துக்கு இரண்டு கேள்வி, போன் டைமர் வைத்து, கையால். நான் வீடியோவில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன்.

பெற்றோருக்கு இந்த இடத்தில் ஒரு விண்ணப்பம். இங்கிலீஷைத் திருத்தாதீர்கள். நான் முதல் வாரம் அதைத்தான் செய்தேன், கமா, ஆர்ட்டிகிள் என்று. அவளுக்கு என்னைவிட நல்ல இங்கிலீஷ் தெரியும். நமக்குப் பாடம் தெரியாமல் இருப்பதுதான் வசதி. "எனக்குப் புரியல, திருப்பிச் சொல்லு" என்பதை நடிக்காமல் சொல்லலாம்.

மூன்றாவது வாரம்தான் வேறு ஒன்று நடந்தது.

பழைய கேள்வியையே திரும்ப எழுதிக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்து, "மாமா, நீங்களும் அம்மாவும் சேம் ஹவுஸ், சேம் பேரண்ட்ஸ். நீங்க இன்ஜினியர். அம்மா ஏன் பி.எஸ்சி. மேத்ஸ்?"

எங்கள் வீட்டில் இருபது வருஷமாக இதற்கு ஒரே பதில்தான். நான் நல்லா படித்தேன். அக்காவுக்குப் படிப்பில் அவ்வளவு நாட்டமில்லை. யோசிக்காமல் அதையே சொன்னேன்.

"எவிடென்ஸ்?" என்றாள்.

நான் சொல்லிக்கொடுத்த கேள்விதான். சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனோம். ஆனால் மறுநாள் ரயிலில் அது உறுத்திக்கொண்டே வந்தது. அன்று ராத்திரி ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் அக்காவின் பிளஸ் டூ மார்க் ஷீட் இருக்கிறதா என்று கேட்டேன். "அது அவகிட்டதான் இருக்கும், எதுக்குடா இப்ப?" அக்காவிடம் கேட்டேன். "அதெல்லாம் கிளறி என்ன பண்ணப் போற?" என்றாள். அரை மணி நேரம் கழித்து வாட்ஸாப்பில் படம் வந்தது. லேமினேஷன் பண்ணியது. பாஸ்போர்ட், பர்த் சர்டிஃபிகேட் எல்லாம் வைக்கும் ஃபைலில் இருந்ததாம். 2007-ல் கல்யாணமாகி வரும்போதே கொண்டுவந்திருக்கிறாள்.

கணக்கு, இயற்பியல், வேதியியல் சேர்த்துப் பொறியியலுக்கான கணக்கு போட்டால் அக்காவுக்கு 200-க்கு 186.5. எனக்கு 184.

அக்கா பிளஸ் டூ முடித்தது 2002. அப்போது நுழைவுத் தேர்வு உண்டு. பிளஸ் டூ மதிப்பெண் 200, நுழைவுத் தேர்வு 100, மொத்தம் 300-க்கு கட் ஆஃப். அந்த நூறுக்கு கோச்சிங் போகாமல் ஒன்றும் நடக்காது. கோச்சிங் மதுரையில். அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் போய் சாயங்கால வகுப்பு முடிந்து திரும்ப ராத்திரி ஒன்பதரை ஆகும். பொம்பளப் பிள்ளை. அப்பா வேண்டாம் என்றுவிட்டார். புத்தகம் மட்டும் வாங்கி வீட்டில் படித்தாள். 58 வந்தது. நல்ல கல்லூரி எதுவும் வரவில்லை, தூரத்தில் பணம் கட்டும் சீட்டுக்கு வீட்டில் வழியில்லை. உள்ளூரில் பி.எஸ்சி.

நான் முடித்தது 2007. 2006-ல் சட்டமன்றத்தில் சட்டம் கொண்டுவந்து, சரியாக எங்கள் செட்டிலிருந்து நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். கட் ஆஃப் 200-க்கு. பிளஸ் டூ மதிப்பெண் மட்டும். நான் ஒரு நாள் கூட மதுரைக்குப் பஸ் ஏறவில்லை.

நானும்தான் ராத்திரி கண் முழித்துப் படித்தேன், அது பொய் இல்லை. ஆனால் அக்காவும் முழித்தாள். எங்கள் வீட்டுக் கதையில் அது மட்டும் விட்டுப்போயிருந்தது.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உணர்ச்சிவசப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். என்னைவிடத் தெளிவாக இருந்தாள். "மாமா, இது ஒரே ஒரு கேஸ். இதை எவிடென்ஸா போட முடியாது, எக்ஸாம்பிளாதான் போடலாம். அண்ட், 2007-ல இன்ஜினியரிங் காலேஜ் நம்பரும் ஜாஸ்தி ஆயிருக்கும்ல? ஸோ எக்ஸாம் மட்டும் ரீசன் இல்ல." அதுவும் சரி. தவிர இதில் பரீட்சை பாதி, பெண் என்பது பாதி. எனக்குத் தேர்வு இருந்திருந்தால் அப்பா மதுரைக்கு அனுப்பியிருப்பார். ஒரே வீட்டில் இரண்டு சல்லடை. ஊரில் இப்போது நீட் பற்றிப் பேசும்போது கோச்சிங், கிராமம், அரசுப் பள்ளி என்று வாதாடுகிறார்களே, அந்தச் சத்தத்தை டிவியில் கேட்டுக்கொண்டே இத்தனை வருஷம் இதை நான் யோசித்ததில்லை.

அக்காவுக்குப் போன் பண்ணி என்ன சொல்வது என்று தெரியவில்லை. "ஒன்னவிட எனக்கு ரெண்டரை மார்க் கம்மிக்கா" என்றேன். "தெரியும்டா" என்றாள். அப்புறம் சாம்பார்ப் பொடி எப்போது பார்சல் போடுவது என்று பேச்சு மாறிவிட்டது.

இரண்டாவது தேர்வு வந்தது. கேள்வி கல்வி பற்றியே இல்லை! நான்கு வாரம் தயாரித்த சல்லடை எல்லாம் போச்சு. குடும்பமும் வேலையும் பற்றிய அத்தியாயம். வீட்டு வேலைப் பங்கீட்டை இரண்டு கோட்பாட்டுப் பார்வைகளில் விளக்கு, தனிப்பட்ட விருப்பத் தேர்வு அதில் எந்த அளவுக்கு இருக்கிறது. எனக்குக் கேட்டவுடன் வயிறு கலங்கியது. அவள் கலங்கவில்லை. அட்டவணையில் அந்தக் கட்டம் இருந்ததே. ஆர்லி ஹாக்‌ஷீல்ட் 1989-ல் எழுதிய இரண்டாவது ஷிஃப்ட் பற்றி எழுதியிருக்கிறாள்: ஆபீஸ் வேலை முடிந்து வீட்டில் பெண்களுக்குத் தொடங்கும் வேலை. அதோடு நிற்கவில்லை. ஹெச்-4 விசாவில் வந்த மனைவிகள் 2015 மே மாதம் வரை இங்கே சட்டப்படி வேலை பார்க்க முடியாது, அதற்குப் பிறகும் கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான் அனுமதி. ஒரு வீட்டில் "நான் பிள்ளைக்காக வேலைக்குப் போகல" என்று சொல்லும்போது அது எவ்வளவு விருப்பம், எவ்வளவு விசா? இதுதான் அவளுடைய கடைசிப் பத்தி.

86. ஓரத்தில்: வாதம் தெளிவு, இரண்டாம் பத்தியில் சான்று போதாது. அந்த "போதாது"-வில் அவளுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

டிராப் பேச்சு நின்றுவிட்டது. அக்காவைச் சமாதானப்படுத்த ஒரு ஆயுதமும் கைவசம் வைத்திருந்தேன், பயன்படவில்லை, உங்களுக்காவது உதவட்டும்: 2015-லிருந்து மெடிக்கல் சேர்க்கைக்கான எம்கேட் தேர்வில் உளவியல், சமூகவியல் சேர்ந்த ஒரு பகுதி இருக்கிறது. அந்தப் பகுதியில் கிட்டத்தட்ட 30 சதவீதம் அறிமுகச் சமூகவியல். டாக்டர் கனவு உள்ள வீடுகளில் இதைச் சொல்லிப் பாருங்கள், சோஷியாலஜிக்குத் திடீர் மரியாதை வரும்.

புளூ புக் திரும்பி வந்த அன்று அக்கா அதை முழுசாகப் படித்திருக்கிறாள். ராத்திரி எனக்கு வழக்கமான நேரத்தில் கால்.

"டேய், அந்தக் கடைசிப் பத்தியில எழுதியிருக்காளே, ஒரு அம்மா. அது நானா?"

"பேரு போடலையேக்கா. எக்ஸாம்பிள்தான்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் டிஷ்வாஷர் ஓடும் சத்தம் மட்டும்.

"எட்டு வருஷம்னு சரியா எழுதியிருக்கா" என்றாள். "அடுத்த எக்ஸாமுக்கு எந்த சேப்டராம்?"